லலிதாஜியை நடித்துக் காட்டியவர் கவிதா சௌத்ரி

மறக்க முடியாத விளம்பரப் பாத்திரங்களைப் பற்றி வெளியான கட்டுரை, சர்ஃப் சலவைத்தூள் விளம்பரத்தின் லலிதாஜியை ஒரே வரியில் கடந்துவிட்டதும், அவராக நடித்தவரின் பெயரையே சொல்லாமல் விட்டதும் எனக்கு வருத்தமளிக்கின்றன.

மிகக் குறைந்த விலையில் வந்த நிர்மா சலவைத்தூள் 1980களில் சர்ஃபின் சந்தையைப் பறித்துக்கொண்டிருந்தபோது, லின்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலிக் பதம்சி, காய்கறிக் கடையில் கறாராகப் பேரம் பேசும் தம் தாயாரை மனத்தில் வைத்து இப்பாத்திரத்தை உருவாக்கினார். மலிவான பொருளுக்கும் நல்ல பொருளுக்கும் வேறுபாடு உண்டு என்ற வாதத்தை, கெஞ்சாமலும் குழையாமலும், கணக்குத் தெரிந்த ஒரு குடும்பத் தலைவியின் அதிகாரத்தோடு கவிதா சௌத்ரி சொன்னார். விளம்பரப் பெண்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டிய காலத்தில், கேமராவை நேராகப் பார்த்து வாதாடிய அந்தக் குரலே பாத்திரத்தின் உயிர் என்பது என் உறுதியான கருத்து.

அவரது திறமை அந்தச் சில நொடிகளோடு முடிந்துவிடவில்லை. 1989இல் தூர்தர்ஷனில் வெளியான 'உடான்' தொடரை அவரே எழுதி, இயக்கி, காவல்துறை அதிகாரி கல்யாணி சிங்காக நடித்தார். பின்னாளில் உத்தராகண்டில் நாட்டின் முதல் பெண் டிஜிபியாக (மாநிலக் காவல்துறைத் தலைவராக)ப் பொறுப்பேற்ற அவருடைய சகோதரி காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கைதான் அதற்கு அடிப்படை. கவிதா 2024 பிப்ரவரியில் காலமானார்.

வோடஃபோன் விளம்பரங்களில் வந்த வெள்ளை உருவங்களான ஜூஜூக்களைப் போல உடைக்குள் முகம் மறைந்த நடிகர்களின் பெயர்கள் விடுபடுவதையாவது புரிந்துகொள்ளலாம். நாடே பார்த்துப் பழகிய இந்த முகத்தின் பெயரைக் கட்டுரையில் சேர்க்க வேண்டுகிறேன்.