பாய் விரிக்கிறது வெள்ளைக்காரன் விளையாட்டோ?

யாழ்ப்பாணக் கடலேரியில் பிள்ளைகளுக்குப் பாய்வள்ளம் பழக்கலாம் என்றால், "அது காசுள்ள வெள்ளைக்காரன்ர பொழுதுபோக்கு" என்று ஒரு மறுமொழி உடனே வரும். சரி, அந்த வெள்ளைக்காரன் கப்பல் தேடி எங்கே வந்தான்? 32 அடி 'ஸ்வாப்' படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன், பிறகு வாங்கியது வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை. 89 அடி, இரண்டு பாய்மரம். பெயரைத்தான் புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று மாற்றினார். ஓட்டிப் போனவர்களில் வல்வெட்டித்துறைத் தண்டையலும் (கப்பல் தலைவர்) ஆட்களும் இருந்தார்கள். 1938 ஆகஸ்டில் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள்.

ஆனால் பழம்பெருமை வள்ளம் ஓட்டாது. எங்கள் கடலேரி ஆழமில்லாதது. பல இடத்தில் இடுப்பளவுதான். உலகமெல்லாம் ஒப்டிமிஸ்ட், லேசர் என்ற சின்னப் பாய்வள்ளங்கள் ஓடுகின்றன என்று அதையே இறக்குவது பிழை. அவற்றின் நடுப்பலகை, அதாவது வள்ளத்தின் அடியால் தண்ணீருக்குள் இறங்கும் பலகை, நேர்குத்தாகச் செருகுவது. தரை தட்டினால் மடங்காது. பலகையோ அதன் கூடோ வெடிக்கும். பலகையை உயர்த்திக்கொண்டு ஓடினால் காற்றை எதிர்த்து ஏற முடியாது, வள்ளம் பக்கவாட்டில் வழுக்கும். 1956இல் வந்த என்டர்பிரைஸ் (4.04 மீற்றர்) போல, நடுப்பலகை பின்னுக்கு மடங்குகிற வகைதான் இங்கே பொருந்தும். சுக்கானும் தூக்கக்கூடியதாக இருக்கட்டும், சாதாழை (கடற்செடி) சுற்றினால் உடனே கழற்றலாம்.

கவிழ்வது பெரிய விசயமில்லை, சேற்றில் பாய்மர நுனி குத்துவதுதான் தொல்லை. அந்த நிலையில் நடுப்பலகையில் ஏறி மிதித்தால் மரம் வளையும், சிலவேளை முறியும். மர உச்சியில் மூடி இறுக்கிய வெற்று 5 லீற்றர் கான் ஒன்றைக் கட்டிவிட்டால் வள்ளம் தலைகீழாகப் புரளாது. நிமிர்த்த முன் அணியத்தை (முன்பக்கத்தை) காற்றுப் பக்கம் திருப்பி, தாமானை (பாயை இழுக்கும் கயிற்றை) தளர விட வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த கையோடு பாய் காற்றைப் பிடித்து மறுபக்கம் கவிழ்க்கும்.

சோழகம் (தென்மேற்குக் காற்று) உரத்து வீசும் மாதங்களில் புதியவர்களை இறக்காதீர்கள். பங்குனியில் காலை வேளை தோதானது. மீன்பிடிக்க வலை கட்டும் களங்கட்டிக் கம்புகள் எங்கே நிற்கின்றன என்று குருநகர், மண்டைதீவுக் கடற்றொழிலாளிகளிடம் முதலே கேட்டு மிதவை போடுங்கள். வலை கிழிந்தால் அவர்களுக்கு அன்றைய உழைப்புப் போச்சு, அடுத்தநாள் உங்கள் வள்ளம் கரையிலேயே நிற்கும்.