மார்கழிக் குளிரும் சமைக்காத சாப்பாடும்

மார்கழி பிறந்தால் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, இந்தக் குளிருக்குச் சமைக்காத இயற்கை உணவு ஒத்துக்கொள்ளுமா?" ஒத்துக்கொள்ளும். ஆனால் பழத்தை மட்டும் நம்பினால் நடுங்கத்தான் வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

சமைக்காத உணவுக்கு மாறிய முதல் வருடம். காரைக்குடியில் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும், அவ்வளவுதான். எனக்கோ வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் வைத்தால் முழங்கால் வரை சில்லிடும். கோலப்பொடி விரலிடுக்கில் நிற்காமல் மொத்தமாகக் கொட்டும். காலையில் அரைக்கிலோ பப்பாளி, மதியம் வெள்ளரிக்காயும் முளைப்பயறும், ராத்திரி கொய்யா. வயிறு நிறைந்துதான் இருந்தது. கணக்குப் பார்த்தால் அரைக்கிலோ பப்பாளியில் சுமார் 215 கலோரி, 100 கிராம் முளைப்பயறில் 30தான். நாள் முழுக்கக் கூட்டினாலும் ஆயிரத்தைத் தொடவில்லை. பிறகு உடம்பு எதை எரித்துச் சூடு உண்டாக்கும்?

அப்பத்தாதான் கண்டுபிடித்தார்கள். "பழம் தின்னா பசி அடங்கும்டி, குளிர் அடங்குமா?" என்று ஒரு மூடித் தேங்காயைக் கீறிக் கையில் கொடுத்தார்கள். 100 கிராம் தேங்காயில் 350 கலோரி இருக்கிறது, பப்பாளியைப் போல எட்டு மடங்கு. அன்றிலிருந்து மார்கழி, தை இரண்டு மாதமும் தேங்காய், எள், ஊறவைத்த நிலக்கடலை எல்லாம் தினமும் உண்டு. கடலையில் புரதமும் இருக்கிறது. மற்ற சத்துகளைவிடப் புரதத்தைச் செரிக்கும்போதுதான் உடம்பு அதிகம் சூடேறும்.

பச்சை உணவு என்றால் சில்லென்றுதான் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னது? 40 டிகிரிச் சொச்சம் வரை சூடாக்கலாம் என்பதுதான் இந்த முறையில் இருப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு. தேங்காய்ப்பாலைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து, விரல் விட்டால் இதமாக இருக்கும்போது எடுத்து, அரைத்த பேரீச்சம்பழமும் ஒரு சிட்டிகை சுக்கும் கலந்து குடித்துப் பாருங்கள். காது மடல் வரை சூடு ஏறும்.

நமக்கு இது புதிதும் இல்லை. திருக்கார்த்திகை கழித்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்புக்கு எங்கள் வீட்டில் பிசைகிற இழைமாவு அடுப்பைப் பார்க்காதது. பச்சரிசி மாவு, வெல்லம், நெய். அதில் 21 இழைத் திரியை ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். குளிர்காலத்துக்கு மாவும் நெய்யும் வேண்டும் என்று முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபமே வருகிறது. குளிர் தாங்கவில்லை, முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்று யாராவது சொன்னால், "நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அது நச்சு இல்லை, பட்டினி. 1999இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், நெடுநாள் பச்சை உணவில் இருந்த 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தடைபட்டோ நின்றோ போயிருந்தது. அப்படி ஆனால் தயங்காமல் சோறு சாப்பிடுங்கள், மருத்துவரைப் பாருங்கள். பி12 செடிகொடியில் கிடைக்காது, நான் மாத்திரைதான் போடுகிறேன். கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளைகளையும் இதில் இழுக்கவே வேண்டாம்.

குளிருகிறது என்பவர்கள் நேற்று என்னென்ன, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று எடையோடு எழுதுங்கள். உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.