பிராஹிமி எழுதிவைத்த வரி

ஐ.நா. என்று எங்கள் ஈழத்தமிழ் ஆட்களிடம் வாயைத் திறந்தாலே கோபம் வந்துவிடும். யுத்தம் நெருங்கிக்கொண்டிருந்த 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டு அவர்களுடைய வாகனங்கள் கிளம்பியதை யாரும் மறக்கவில்லை. போகாதீர்கள் என்று சனம் அலுவலக வாசலில் நின்று கெஞ்சியது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அந்தப் பேச்சில் ஒருபோதும் வராத ஒரு பெயர் இருக்கிறது, அது வரவேண்டும் என்பது என் எண்ணம்: அல்ஜீரியாவின் முன்னாள் வெளிவிவகார அமைச்சர் லக்தர் பிராஹிமி. கிளிநொச்சியில் நடந்ததற்கு எட்டு வருடம் முன்பே, ஐ.நா. எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று ஐ.நா.வுக்கே எழுதிக்கொடுத்தவர்.

ருவாண்டாவிலும் (1994) பொஸ்னியாவின் சிரெப்ரெனிட்சாவிலும் (1995) கண்ணெதிரே படுகொலை நடந்தபோது ஐ.நா. பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு அமைதிப்படை நடவடிக்கைகளை அலசி ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் பிராஹிமி. 2000 ஓகஸ்டில் அறிக்கை வந்தது. அதில் இரண்டு இடங்களை நான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். ஒன்று, ஐ.நா. செயலகம் பாதுகாப்புச் சபைக்கு அது கேட்க விரும்புவதைச் சொல்லக்கூடாது, அது தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் சொல்ல வேண்டும் என்பது. மற்றது, ஒரு தரப்பு சமாதான உடன்பாட்டை வெளிப்படையாக மீறும்போதும் எல்லாத் தரப்பையும் ஒரே மாதிரி நடத்திக்கொண்டிருந்தால், மோசமான நிலையில் அது தீமைக்கு உடந்தையாகப் போவதாகவே ஆகலாம் என்பது. இராஜதந்திரிகள் எழுதும் மொழி இப்படி இருக்காது. வழக்கமாகக் 'கவலை தெரிவிக்கிறோம்' என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

இனி 2012 நவம்பருக்கு வாருங்கள். வன்னியின் கடைசி மாதங்களில் ஐ.நா. என்ன செய்தது என்று சார்ள்ஸ் பீட்ரி தலைமையிலான உள்ளகக் குழு ஆராய்ந்த அறிக்கை வெளியாகிறது. உறுப்பு நாடுகள் தெரிந்துகொள்ள வேண்டியதைவிட, அவை எதைக் கேட்க விரும்பும் என்ற ஊகமே ஐ.நா.வின் நடத்தையைத் தீர்மானித்தது என்று அந்த அறிக்கை சொல்கிறது. அதே வாக்கியம், தலைகீழாக. செத்தவர்களின் கணக்கை ஐ.நா. ஊழியர்கள் கொழும்பில் இருந்துகொண்டே சேகரித்தார்கள். அந்த எண்ணிக்கையை வெளியே சொல்லத்தான் மேலிடம் மறுத்தது. அப்போது செயலாளர் நாயகமாக இருந்த பான் கீ மூனும் நீண்டகால இராஜதந்திரி, தென்கொரியாவின் முன்னாள் வெளிவிவகார அமைச்சர். தொழிலும் பதவியும் ஒன்றாக இருந்தால் மனிதரும் ஒரே மாதிரி இருப்பார் என்று இல்லை.

பிராஹிமியின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று ஓரளவு புரியும். 1934இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் பிறந்தவர். 1956இல், 22 வயதில், படிப்பை விட்டுவிட்டு விடுதலை முன்னணியின் பிரதிநிதியாக ஜகார்த்தாவுக்குப் போனார். நாடே இல்லாத ஒரு மக்களுக்காக மற்ற நாடுகளின் கதவைத் தட்டுவதுதான் அவர் பார்த்த முதல் வேலை. அதன் பாரம் எங்களுக்குத் தெரியும். விடுதலைக்குப் பிறகு கெய்ரோவிலும் லண்டனிலும் தூதுவர், பிறகு அரபு லீக். 1989இல் லெபனானின் உள்நாட்டு யுத்தத்தை முடிக்க சவூதியின் தாயிஃப் நகரில் கூடினார்களே, அதற்காக ஓடித்திரிந்த அரபு லீக் தூதர் இவர்தான். 1972இல் தெரிவாகி உயிரோடு எஞ்சியிருந்த நாடாளுமன்ற உறுப்பினர்களை அங்கே கூட்டினார்கள். ஆறுக்கு ஐந்து என்றிருந்த கிறிஸ்தவ, முஸ்லிம் ஆசனக் கணக்கு சரிபாதியானது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. மதவாரிக் கணக்கு இன்றும் அந்த நாட்டின் கழுத்தில்தான் இருக்கிறது.

அவர் வெளிவிவகார அமைச்சராக இருந்த காலம் (1991 முதல் 1993 வரை) அவருடைய சரித்திரத்தில் எனக்கு மிகவும் நெருடும் இடம். தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமிய முன்னணி முந்தியதும், 1992 ஜனவரியில் இராணுவம் தேர்தலையே நிறுத்தியது. பிராஹிமி பதவியில் தொடர்ந்தார். பின்னால் வந்த யுத்தத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவரை மதிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

அடுத்தது ஜெர்மனியின் பொன் (Bonn) நகர மாநாடு, தலிபான் ஆட்சிக்குப் பிந்திய ஆப்கானிஸ்தானுக்கு இடைக்கால அரசு அமைக்க ஐ.நா. சார்பில் பிராஹிமி நடத்தியது. 2001 நவம்பர் கடைசி, நோன்பு மாதம். ரைன் நதிக்கு மேலே பீட்டர்ஸ்பெர்க் மலை ஹோட்டலில் நான்கு ஆப்கான் குழுக்கள். யாருக்கு எத்தனை அமைச்சு என்று இழுபறி. தலிபான்களை எதிர்த்துச் சண்டையிட்ட வடக்குக் கூட்டணியின் யூனுஸ் கனூனி விட்டுக்கொடுக்கவே இல்லை. கடைசி இரவில் பிராஹிமியின் அறையில் மணிக்கணக்காகப் பேசியும் அசையாத அவரை, ஈரானியப் பிரதிநிதி ஜவாத் சரீஃப் ஒரு ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்ன பிறகுதான் அவர் இறங்கிவந்தார் என்று அமெரிக்கப் பிரதிநிதி ஜேம்ஸ் டொபின்ஸ் பின்னாளில் சொன்னார். டிசம்பர் 5 காலையில் ஒப்பந்தம் தயார், ஹமீத் கர்சாய் இடைக்காலத் தலைவர்.

தலிபான்களுக்கு அந்த ஹோட்டலில் ஒரு நாற்காலிகூட இல்லை. அதே நாட்களில் கந்தஹாரில் அவர்களில் சிலர் சரணடைவது பற்றிக் கர்சாயோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். தோற்றவனோடு என்ன பேச்சு என்பதுதான் வாஷிங்டனின் நிலைப்பாடு. 20 வருடம் கழித்து, 2021 ஓகஸ்டில், யார் காபூலுக்குள் வந்தார்கள் என்று எல்லோரும் பார்த்தோம்.

தலிபான்களை வெளியே விட்டது தவறு, பிறகாவது அவர்களைத் தேடிப்போய்ப் பேசாதது அதைவிடப் பெரிய தவறு என்று பிராஹிமி பல மேடைகளில் தன் வாயாலேயே சொன்னார். 2021க்குப் பிறகு அல்ல, பல வருடங்கள் முன்பே. அதனால் அவர் பொறுப்பு குறைந்துவிடாது. ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்த வல்லரசுப் பிரதிநிதிகளில் எத்தனை பேர் அவ்வளவு சீக்கிரம் வாய் திறந்தார்கள்? தோற்ற தரப்பின் மக்களை மேசைக்கே கூப்பிடாமல் கட்டுகிற சமாதானத்துக்குள் 2009இலிருந்து வாழ்கிறவர்கள் நாங்கள். அதனால் அந்த ஒப்புதல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சிரியா அவருடைய கடைசிப் பெரிய வேலை. அந்த நாட்டு யுத்தத்தை நிறுத்தப் பேசும் தூதராக இருந்து கோபி அனான் கைவிட்ட பொறுப்பை 2012இல், 78 வயதில் ஏற்றார். 2014 ஜனவரியில் ஜெனீவாவில் அரசு, எதிரணி என்ற இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். நடுவில் அவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச மாட்டார்கள், எல்லாப் பேச்சும் அவருக்குத்தான். முதல் வேலையாக அவர் எடுத்தது ஆட்சி மாற்றத்தை அல்ல, முற்றுகைக்குள் பட்டினி கிடந்த ஹோம்ஸ் பழைய நகரத்து மக்களை. சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. பெப்ரவரியில் ஊடகங்கள் முன் வந்து, சிரிய மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மே மாதம் பதவி விலகினார். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு எங்கள் சனத்திடம் யாராவது ஒரு தூதர் இப்படி வந்து நின்றாரா?

பிராஹிமி அறிக்கை அமைதிப்படைக்கு எழுதியது, இலங்கையில் ஐ.நா. அமைதிப்படையே இருக்கவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லும் கடமை நீலத் தொப்பி போட்டவர்கள் இருக்கும் நாட்டுக்கு மட்டும் உரியது என்று வாதாட முடியுமா? பீட்ரி குழு அதே அளவுகோலால்தானே வன்னியை அளந்தது?

ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைச் சபைக்கு மனு எழுதுகிற எங்கள் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். பீட்ரி அறிக்கையை மேற்கோள் காட்டும்போது 2000ஆம் ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். அதே வருடம் நவம்பரில் அதன் பரிந்துரைகளை ஒட்டிப் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1327ஆம் இலக்கத் தீர்மானத்தையும் சேருங்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று 2009ஐப் பற்றி இனி யாரும் சொல்லக்கூடாது.