மௌனப் பிறழ்வு என்று யார் பெயர் வைத்தது?

கொரோனாவில் புதுத் திரிபு வந்துவிட்டது என்றாலே எல்லோரும் கேட்பது, வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தில் எத்தனை மாற்றம் என்றுதான். புரதத்தை மாற்றாத பிறழ்வா, அதாவது மரபு எழுத்து மாறியும் புரதம் மாறாததா? 'மௌனப் பிறழ்வு' என்று சொல்லி ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது.

இந்த வைரஸ்களின் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ, ஏ, யு, சி, ஜி என்ற நான்கு எழுத்துகளின் வெறும் சரம் இல்லை. ஒற்றை இழை தன்மீதே மடிந்து, சி-யும் ஜி-யும், ஏ-யும் யு-வும் கைகோத்து, தண்டும் வளையமுமாக உருவம் எடுக்கிறது. நம் செல்லின் புரதங்கள் பலவும் அந்த உருவத்தை அடையாளம் கண்டுதான் ஒட்டுகின்றன.

போலியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 7,500 எழுத்துகளில் முதல் 740 போல எழுத்துகளிலிருந்து வைரஸின் முக்கியப் புரதங்கள் எதுவும் உருவாவதில்லை. ஆனால் செல்லில் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் வந்து உட்காரும் மடிப்பு அங்கேதான் இருக்கிறது. வீரியம் குறைத்த உயிருள்ள போலியோ வைரஸ்தான் சேபின் சொட்டு மருந்து. அதன் மூன்றாம் வகையில் 472-ஆம் இடத்தில் சி இருந்த இடத்தில் யு. அவ்வளவுதான். எதிரே நிற்கும் ஜி-யோடு சி போட்டிருந்த இறுக்கமான முடிச்சு, யு வந்ததும் தளர்ந்துவிடுகிறது. ரைபோசோமைக் கூட்டிவரும் செல் புரதங்களுக்குப் பிடி நழுவுகிறது. நரம்புச் செல்லில் வைரஸ் திணறிப்போகிறது. (மருந்து சாதுவாக இருக்க வெளிக்கூட்டில் உள்ள ஒரு மாற்றமும் காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

சிக்கல் என்னவென்றால், குழந்தையின் குடலில் பெருகத் தொடங்கிய சில நாட்களிலேயே அந்த யு மறுபடி சி ஆகிவிடும்.

இரண்டாம் வகையிலும் இதே கதை, 481-ஆம் இடத்தில். அதனால் புதிய இரண்டாம் வகை மருந்தில் அந்தத் தண்டை ஏ-யு ஜோடிகளாலேயே திருப்பிக் கட்டினார்கள். அதை இறுக்க இரண்டு பக்கமும் சேர்ந்து மாற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறினால் இன்னும் தளரும். என்ன ஒரு குசும்பு! 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வைரஸும் சும்மா இருக்கவில்லை. வேறு குடல் வைரஸ்களோடு துண்டு மாற்றிக்கொண்டு மீண்டும் வீரியம் பெற்றவை 2023-ல் காங்கோவிலும் புருண்டியிலும் தென்பட்டன.

அப்புறம் டெங்கு. 1994-ல் புவெர்ட்டோ ரிக்கோவில் பரவிய இரண்டாம் வகையில், ஆர்என்ஏவின் கடைசிப் பகுதியில் சில மாற்றங்கள். நம் செல்லின் நொதியால் அரைத்து முடிக்க முடியாமல் மிஞ்சும் துண்டு அதில் கூடுதலாகச் சேர்ந்தது. அது டிரிம்25 என்ற நம் காவல் புரதத்தைக் கட்டிப்போட்டு, வைரஸ் நுழைந்ததும் செல் அடிக்கும் இன்டர்ஃபெரான் அலாரத்தையே அடக்கிவிட்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், பொதுத் தரவுத்தளங்களில் சேரும் கொரோனாத் தொடர்கள் பலவற்றில் இரண்டு முனைகளும் 'என்', 'என்' என்று, அதாவது எந்த எழுத்து என்று தெரியாது என்ற குறியோடு, காலியாகவே கிடக்கின்றன.