மருந்துக் கடை கவுன்ட்டரில் எடுத்த கணக்கு

ஒன்பது வருஷம் மருந்துக் கம்பெனி ஒன்றின் மெடிக்கல் ரெப்பாக ஓடியவன் நான். டாக்டர் ரூம் வாசலில் பையோடு மணிக்கணக்கில் நின்றதுகூட மறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கீழே இருக்கும் மருந்துக் கடையில் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆர்.சி.பி.ஏ. என்போம். எந்த டாக்டர் சீட்டில் நம்ம மாத்திரை எத்தனை ஸ்ட்ரிப் போச்சு, போட்டிக் கம்பெனியுடையது எத்தனை என்று கடைக்காரரிடம் கேட்டு நோட்டில் குறிக்க வேண்டும். சாயங்காலம் மேனேஜர் அதை வைத்துத்தான் பேசுவார். "அந்த டாக்டருக்குக் கான்ஃபரன்ஸ் போக டிக்கெட் போட்டோமே, பத்து ஸ்ட்ரிப்தானா?" ஒருநாள் பக்கத்தில் நின்ற அம்மா, பத்து நாளைக்கு எழுதியதை மூன்று நாளைக்கு மட்டும் வெட்டித் தரச் சொன்னார். அந்த மூன்று மாத்திரையையும் என் நோட்டில் ஏற்றினேன்.

கம்பெனி தரும் விருந்துக்கும் மருந்துச் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பலனே இல்லையென்றால் கம்பெனி எதற்கு அந்த நோட்டை எழுதச் சொல்கிறது?

சென்னை அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கக் காசு, டிவி, ஃப்ரிட்ஜ், லேப்டாப் என்று டாக்டர்களுக்குக் கொடுத்த நாலே முக்கால் கோடி ரூபாய் அளவிலான தொகையை வியாபாரச் செலவு என்று வரிக் கணக்கில் காட்டியது அந்தக் கம்பெனி. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. இந்த இலவசங்களின் செலவு மருந்து விலையில்தான் ஏறுகிறது என்றும் சொன்னது. அப்புறம் 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு நடத்தை விதி கொண்டுவந்தது. பரிசு கூடாது, வெளிநாட்டுப் பயணம் கூடாது. சரி, மீறினால்? விசாரிப்பது மருந்துக் கம்பெனிகளின் சங்கத்தில் இருக்கும் குழு. பெரிய தண்டனையே சங்கத்திலிருந்து நீக்குவதுதான்!

அமெரிக்காவில் எந்த டாக்டருக்கு எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பதை 2014 முதல் அரசே இணையத்தில் போடுகிறது. டாக்டர் பெயரைத் தட்டினால் போதும், சாப்பாட்டுச் செலவு வரை வரும். இங்கேயும் கணக்கு இல்லாமலில்லை. 2022 ஜூலையிலிருந்து, டாக்டருக்குக் கம்பெனி தரும் சலுகை வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10% டிடிஎஸ், அதாவது கொடுக்கும் இடத்திலேயே பிடிக்கும் வரி, பிடித்தாக வேண்டும். சம்பளத்துக்கு இருக்கும் டாக்டர் என்றால் ஆஸ்பத்திரி பெயரில் பிடிக்க வேண்டும். கொடுத்தவர், வாங்கியவர், தொகை எல்லாம் வருமான வரித் துறையிடம் போகிறது. மாத்திரைக்குக் காசு கொடுக்கிற நோயாளிதான் அதைப் பார்க்க முடியாது. அதை அப்படியே எல்லாரும் பார்க்கும்படி போடச் சொல்லித்தான் கேட்கிறேன்.