பழைய உத்திரம் விற்கிறவருக்குப் பொறுப்பே கிடையாதா?

புதுச்சேரியில் வீடு கட்டத் தொடங்கினால் போதும், ‘பழைய பர்மா தேக்கு சார், இனிமேல் இதற்கு ஒன்றும் ஆகாது’ என்ற பாட்டைக் கேட்காமல் தப்ப முடியாது. இடித்த வீடுகளின் மரத்தை அடுக்கி வைத்துக் கன அடிக் கணக்கில் விற்பவர்கள், பழைய துளைகளையும் கரையான் அரித்த பள்ளங்களையும் சேர்த்தே அளந்து காசு வாங்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் ‘பார்த்துத்தானே எடுத்தீர்கள்’ என்கிறார்கள்.

எதைப் பார்ப்பது? மர உத்திரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளமுள்ள வீடுகளில் உத்திரத்தின் முனைகள் சுவருக்குள் புதைந்திருப்பதால், ஈரம் ஏறி முதலில் மக்குவது அவைதாம். அந்த முனைகளைக் கொஞ்சம் அறுத்தெறிந்துவிட்டு வார்னிஷ் அடித்தால் யாருக்குத் தெரியும்? எங்கள் தாழ்வாரத்துக்கு வந்த கட்டையை ஆசாரி தட்டியபோது கிண்ணென்று கேட்கவேண்டிய ஓசை மொத்தென்று கேட்டது. உளியால் குத்தியதும் சலித்த மாவைப்போல உளுத்தூள் கொட்டியது. கீழ்ப்பக்கத்தில், முன்பு வேறு கட்டையைப் பொருத்த வெட்டிய பள்ளமான பழைய வெட்டுவாய் வேறு. பாரம் ஏறும்போது இழுவிசையைத் தாங்குவது அந்தக் கீழ்ப்பக்கம்தான் என்பதும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும் என்பதும் மரம் விற்றே பிழைக்கும் மனிதருக்குத் தெரியாதாம்!

ஆணிக் கதையோ தனி. தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி இழைப்பு மெஷினின் பிளேடைப் பதம் பார்க்க, அதற்கான காசை மில்காரர் நம்மிடம்தான் கேட்கிறார்.

எல்லாவற்றையும்விட ஆத்திரமூட்டுவது ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் பூசிய பச்சையும் மஞ்சளும் அடுக்கடுக்காய் ஒட்டியிருக்கும் கதவைச் சோதிக்காமல், குழந்தைகள் நடமாடும் வீட்டிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் நஞ்சு. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் அந்தத் தூசியில் நிற்கும் ஆசாரியைப் பற்றி, ‘பழமையின் அழகு’ பேசும் வடிவமைப்பாளர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மரம் மக்காமலிருக்க ஏற்றும் கிரியோசோட் எண்ணெய் ஊறிய ரயில்வே கட்டையை வீட்டுக்குள் பெஞ்சாகப் போடச் சொல்பவர்களும் இவர்கள்தாம். அந்த எண்ணெய் புற்றுநோயோடு தொடர்புடையது.

பில் கேட்டால் ‘பழைய சாமான்’ என்று ஒரே வரி எழுதித் தருகிறார்கள். மரத்தின் வகை, எந்தக் கட்டடத்தில் எந்த இடத்தில் இருந்தது, ஆணி பிடுங்கப்பட்டதா என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.