எச்-இண்டெக்ஸ் 90ன்னா பெரிய ஆளா?

ஆராய்ச்சிக் கட்டுரைகளை மத்தவங்க எவ்வளவு மேற்கோள் காட்டினாங்கங்கிற கணக்கை வெச்சு வருஷா வருஷம் போடுற அந்த 'உலகின் டாப் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியல் வந்ததும் நம்ம வாட்சப் குரூப்புல திருவிழாதான், தமிழாளு ஒருத்தர் பேர் இருந்துட்டா போதும், கைதட்டல், பூங்கொத்து, "பெருமையா இருக்கு சார்"னு நாள் முழுக்க ஓடும். நானும் ஒரு கைதட்டல் போட்டுட்டுதான் இதை எழுதுறேன். ஆனா அந்த மனுஷன் அப்படி என்னதான் கண்டுபிடிச்சாருன்னு ஒருத்தர் கேக்கணுமே, ம்ஹூம்.

இங்க சிங்கப்பூர்ல ஒரு மெட்டீரியல்ஸ் லேப்ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஓட்டுறதுதான் என் பொழப்பு, அதனால இந்த நம்பர் விளையாட்டை தினமும் பாக்குறேன். ஒரு பேப்பரை இன்னொரு பேப்பர்ல மேற்கோள் காட்டினா அது ஒரு சைட்டேஷன்; எச்-இண்டெக்ஸ் 90ன்னா, ஒவ்வொண்ணும் குறைஞ்சது 90 தடவை அப்படி சைட் ஆன பேப்பர் 90 இருக்குன்னு அர்த்தம். ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு இயற்பியலாளர் 2005ல கொண்டு வந்த கணக்கு இது. அந்தக் கட்டுரையிலேயே அவர், பெரிய யுனிவர்சிட்டியில இயற்பியல்ல வேலை நிரந்தரமாக 12 இருந்தா போதும், முழு ப்ரொஃபசராக 18ங்கிற மாதிரிதான் சொல்லியிருந்தார். இன்னைக்கு 18ன்னு ரெஸ்யூமேல போட்டா போஸ்ட்டாக்குக்கே, அதாவது பிஎச்டி முடிச்சதும் கிடைக்கிற தற்காலிக ஆராய்ச்சி வேலைக்கே, உதட்டைப் பிதுக்குறாங்க.

ஒரு பேப்பரை ஏன் சைட் பண்ணாங்கன்னு அந்த நம்பருக்குத் தெரியாது, அதான் என் பிரச்சனை. ஆலிவரும் ஃபாரும் 1992ல எழுதின பேப்பர் எங்க துறையில எக்கச்சக்கமா சைட் ஆகுது. குட்டி வைர முனையால பொருளை அழுத்திட்டு, அழுத்தத்தை விடும்போது வர்ற கர்வ்ல இருந்து கடினத்தன்மையைக் கணக்கிடுற முறை அது. உலகத்துல எவன் அந்த டெஸ்ட் பண்ணாலும் அதைப் போட்டே ஆகணும், தகுதியான புகழ்.

இன்னொரு பக்கம் ரங்கா டயஸ்ங்கிற இயற்பியலாளர் கதை. அறை வெப்பநிலையில சூப்பர்கண்டக்டர், அதாவது தடையே இல்லாம கரண்ட் ஓடுற பொருள், கிடைச்சிடுச்சுன்னு நேச்சர் இதழ்ல 2020ல ஒரு பேப்பர், 2023ல இன்னொண்ணு, முதலாவதை 2022லயும் ரெண்டாவதை 2023 நவம்பர்லயும் திரும்பப் பெற்றாச்சு. நடுவுல "எங்களுக்கு வரலையே"ன்னு எழுதினவங்களும் அதே பேப்பரைத்தானே சைட் பண்ணணும், திட்டினாலும் கணக்குல ஒண்ணு கூடும். இதுல வேடிக்கை, அந்த டேட்டாவைக் காட்டுன்னு விடாம சண்டை போட்டவர்கள்ல முக்கியமானவர் அதே ஹிர்ஷ்தான், எச்-இண்டெக்ஸால கெடுதலும் வருதுன்னு 2020ல அவரே எழுதிட்டார்.

அப்புறம் கூட்டம். பெரோவ்ஸ்கைட்ங்கிற படிக வகையில செய்யுற சோலார் செல் 2009ல வெறும் 3.8 சதவீத திறன்ல ஆரம்பிச்சது, இப்ப அதுல ஆள் அவ்வளவு, மத்தவங்க ஆராய்ச்சியைத் தொகுத்து ஒரு சுமாரான ரிவ்யூ பேப்பர் எழுதினாலே சைட்டேஷன் கொட்டும். ஆனா நாலு பக்கமும் உப்புக்காத்து அடிக்கிற இந்த ஊர்ல, துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் இரும்புல ஏறுற துருவை உக்காந்து ஆராயுற ஆளுக்கு? அவர் பேப்பரைப் படிக்கிறதே ஒரு சின்ன வட்டம்தான், பட்டியல்ல பேர் வர்றது கஷ்டம். டான் ஷெக்ட்மேன் 1982ல அலுமினியம்-மாங்கனீஸ் கலவையில குவாசிகிரிஸ்டலை, அதாவது ஒழுங்கு இருந்தும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத படிகத்தை, பாத்தார், பேப்பர் வெளிவந்தது 1984ல, நோபல் 2011ல. பேப்பர் வர்ற வரைக்கும் அந்த ரெண்டு வருஷம் அந்தக் கண்டுபிடிப்போட ஸ்கோர் பூஜ்யம்!

மைக்ராஸ்கோப் ஓட்டுற எங்களை மாதிரி ஆளுங்க கதை தனி. பிளாஸ்டிக் சாம்பிள்ல கரண்ட் ஓடாது, மேல லேசா தங்கம் பூசாம உள்ள வெச்சா சார்ஜ் ஏறி படம் வெள்ளையா பூத்துடும், பூசினது கொஞ்சம் தடிச்சாலும் நுணுக்கமெல்லாம் மறைஞ்சு போயிடும். அதைப் பொறுமையா எடுத்துக் குடுத்தா பேப்பர்ல ரெண்டாவது படமா வரும், எங்க பேர் கடைசியில நன்றியில, சில சமயம் அதுவும் இல்ல. சரி விடுங்க.

போன வாரம் கோப்பிக்கடையில ஃப்ரெண்டோட பையன் கேட்டான், "அண்ணே, பிஎச்டிக்கு 90 உள்ள ப்ரொஃபசர்கிட்ட சேரவா, 35 உள்ளவர்கிட்டயா?" நான் சொன்னது, தம்பி, ரெண்டு பேரோட டாப் அஞ்சு பேப்பரையும் திற, அதுல ரிவ்யூ எத்தனைன்னு பாரு, ஃபர்ஸ்ட் ஆத்தரா இருந்த பசங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தேடு, வருஷத்துக்கு 50 பேப்பர் வருதுன்னா வாரத்துக்கு ஒண்ணு, அவ்வளவையும் அவர் படிச்சாவது பாத்திருப்பாரான்னு யோசி. அப்புறம் கேன்டீன்ல அந்த லேப் பசங்க பக்கத்துல உக்காந்து, ப்ரொஃபசரைக் கடைசியா எப்ப நேர்ல பாத்தீங்கன்னு மட்டும் கேளு.